மக்கிய எரு என்று நம்பி 67,500 ரூபாயை இழந்தேன்: உருளைக்கிழங்கு நடுவோர் கவனத்திற்கு

நேற்று முன்தினம் மேட்டுப்பாளையம் மண்டியில் என் உருளைக்கிழங்கு, மூட்டை 1,050 ரூபாய்க்கு ஏலம் போனது. அதே லாரியில் ஏற்றி வந்த பக்கத்துத் தோட்டக்காரரின் கிழங்கு 1,900 ரூபாய்க்குப் போனது. இரண்டும் 45 கிலோ மூட்டைகள், இரண்டும் குஃப்ரி ஜோதி ரகம், விதைக்கிழங்குகூட இருவரும் சேர்ந்து ஒரே இடத்தில் வாங்கியதுதான். உரம் மட்டுமே வேறு. அந்த உரத்துக்கு நான் கொடுத்த தொகை 67,500 ரூபாய். விற்றவர்கள், விவசாய இடுபொருள்களைக் கைபேசிச் செயலி வழியாக விற்கும் ஒரு நிறுவனத்தார். பெயரைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞரான என் மைத்துனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை.

நீலகிரியில் கார்போகப் பருவத்தில் உருளை நடுபவர்களுக்குத் தெரிந்த செய்திதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மலை மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிலோ என்று மணிச்சத்தை இரட்டிப்பாக இடச் சொல்வார்கள். அதோடு 15 டன் தொழுவுரமும் வேண்டும். என் ஒன்றரை ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9 டன். அப்பா காலத்தில் கொட்டகையில் மாடுகள் நின்றன, எருவுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது சமவெளியிலிருந்து வரும் லாரியைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் மாதத்தில் அந்தச் செயலியில் விசாரித்தவுடன் ஓர் இளைஞர் பேசினார். அண்ணா, அண்ணா என்று வாய் நிறைய அழைத்தார். மண் பரிசோதனை அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இரண்டு நாளில் ஒரு நெகிழிப் பையில் ஒரு கிலோ மாதிரி கூரியரில் வந்தது. நான் ஏமாந்தது அந்தப் பையைப் பிரித்த நொடியில்தான். கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்து ஓய்ந்த சோலைக்காட்டு மண்ணைப் போல மணத்தது. உள்ளங்கையில் அழுத்தினால் கட்டிப்பட்டது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. "மூன்று மாதம் மக்க வைத்த கோழி எரு அண்ணா, மண்ணைத் திரும்பப் பரிசோதிக்க வேண்டிய அவசியமே இல்லை" என்றார். பத்து டன்னுக்கு 50,000 ரூபாய், கூடவே "இயற்கைப் பொட்டாஷ் குருணை" என்று பத்து மூட்டைக்கு 17,500 ரூபாய், ஆக 67,500 ரூபாய். பாதியை அன்றிரவே அனுப்பினேன். முப்பது ஆண்டுகளாக எருவைக் கையால் அள்ளிப் பழகிய நான், ஒரு கிலோ மாதிரியைப் பார்த்துப் பத்து டன்னை நம்பினேன்.

லாரி வந்தது இரவு பத்து மணிக்கு, தூறலில். தார்ப்பாயை விலக்கியதும் கண் எரிந்தது. மூக்கில் ஏறிய அமோனியா நெடியே அது மக்காத பச்சை எரு என்று சொல்லிவிட்டது. கையை உள்ளே விட்டால் சூடு தாங்கவில்லை, இறகும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளும் கையோடு வந்தன. ஓட்டுநர், அடியில் கொஞ்சம் சூடாக இருக்கும், ஆறினால் சரியாகிவிடும் என்றார். முளைவிட்ட விதைக்கிழங்கு கூடையில் காத்திருந்தது; மறுநாள் காலை நடவுக்கு பன்னிரண்டு ஆட்களுக்குச் சொல்லியிருந்தேன். மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு இறக்கிக்கொண்டேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

நடந்தது இதுதான். முட்டைக் கோழியின் எருவில், தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு. ஈயை அடக்க மேலும் தூவியிருக்கிறார்கள். அதை நடவுப் பள்ளத்தில் இட்டு அதன் மேலேயே விதைத்ததால், அட்டையில் 5.1 என்றிருந்த கார அமிலநிலை (pH), அறுவடைக்குப் பின் அதே வரிசையிலிருந்து எடுத்துச் சோதனைக்குக் கொடுத்த மண்ணில் 6.0 ஆகிவிட்டது. உருளையில் சொறி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் புளிப்பு மண்ணில் அடங்கிக் கிடக்கும். புளிப்பு குறைந்தால் தலைதூக்கும், பச்சை எரு அதற்கு மேலும் துணைபோகும். எடுத்த கிழங்கில் பாதிக்கு மேல் தக்கை போன்ற பழுப்புச் சொறி. இன்னொரு பக்கம், எரு மண்ணுக்குள் கிடந்து மக்க மக்கத் தழைச்சத்து தாமதமாக இறங்கியதால், பழுக்க வேண்டிய நாளிலும் செடி கரும்பச்சையாக நின்றது, கிழங்கு முற்றவில்லை. மண்டியில் தரம் பார்ப்பவர் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார், தோல் ஈரக் காகிதம் போல உரிந்து வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். எண்ணிக்கையில் குறைவே இல்லை என்பதுதான் கொடுமை. வேகவைத்தால் மாவாக உடைய வேண்டிய ஊட்டிக் கிழங்கு, வீட்டில் நீர்கோத்துச் சவசவவென்று இருந்தது.

பொட்டாஷ் குருணையை அறுவடைக்குப் பிறகே சோதித்தேன். மூட்டைகளின் அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இட்டு வைத்தேன். உண்மையான பொட்டாஷாக இருந்தால் கரைந்து, மிகச் சிறிய வண்டலே தங்கும். காலையில் தம்ளரில் இரண்டு விரற்கடை செங்கல் நிறக் களிமண் படிந்திருந்தது. கிழங்கில் மாவுப் பொருள் சேர்வதற்கும், அடிபட்டால் உள்ளே கறுக்காமல் இருப்பதற்கும் சாம்பல்சத்துதான் வேண்டும். அதற்குப் பதிலாக நான் களிமண்ணை வாங்கி வந்து மண்ணிலேயே போட்டிருக்கிறேன்.

அதன் பின் அலைக்கழிப்பு. முதலில், புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் அழைப்பு வரும் என்றார்கள், வரவில்லை. பிறகு, சரக்கு இறங்கிய 24 மணி நேரத்துக்குள் படம் அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகு மழையைக் குறை சொன்னார்கள், விதையைக் குறை சொன்னார்கள். அதே மழையில் அதே விதையைப் பழைய சாண எருவோடு நட்ட பக்கத்துத் தோட்டத்தில் ஏன் சொறி இல்லை என்று கேட்டதற்கு, "மேலதிகாரியிடம் சொல்கிறோம் சார்" என்று பதில் வந்தது. அண்ணா எப்போது சார் ஆனேன் என்று தெரியவில்லை. அந்த இளைஞரின் எண் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. வேளாண் அலுவலர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் பிரிக்காத மூட்டையிலிருந்துதான் சட்டப்படி மாதிரி எடுக்க முடியும் என்றார். என்னிடம் இருந்தவை அத்தனையும் கிழிந்த சாக்குகள். ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் பொட்டாஷ் என்ற சொல்லே இல்லை, "மண் வளமூட்டி" என்றுதான் அச்சடித்திருக்கிறது. 67,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ரசீதை அன்று நான் படிக்கக்கூட இல்லை.

எருவையும் ரசாயன உரத்தையும் எப்படிச் சேர்த்து இடுவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், இப்போதைக்கு மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். மாதிரியை நம்பாதீர்கள், லாரியின் நடுவிலிருந்து அள்ளிப் பாருங்கள். சூடும் நெடியும் இருந்தால் ஆட்கள் காத்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். உருளைக்குக் கோழி எருவை மக்காமல் போடவே போடாதீர்கள். பொட்டாஷ் என்று தரும் குருணையை இடுவதற்கு முன்பே தம்ளர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், ஒரு மூட்டையைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். ரசீதில் உரத்தின் பெயரும் சத்தின் அளவும் இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

இன்று காலை எங்கள் ஊர்க் குழுவில் அதே கறுத்த, பொலபொலவென்ற எருவின் படத்தோடு, அடுத்த நடவான கடைபோகத்துக்கு முன்பணம் கட்டச் சொல்லி விளம்பரம் வந்திருக்கிறது. ஏற்கெனவே கட்டியவர்கள் இருந்தால் உடனே எனக்குச் செய்தி அனுப்புங்கள், லாரி வருவதற்குள் பேசிவிடலாம்.