ஐடிஐ எலக்ட்ரீஷியனா, டிப்ளமோ இ.இ.இ.யா?

பத்தாவது முடித்த பிள்ளைக்கு மின்சாரத் தொழிலில் ஆர்வம் இருந்தால், தமிழ்நாட்டில் இரண்டு வழிகள்தான் முதலில் கண்ணில் படும்: ஐடிஐயில் 2 ஆண்டு எலக்ட்ரீஷியன் டிரேடு, பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்). நான் ஐடிஐ முடித்துவிட்டு டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தவன். இப்போது ஆலையில் மின் பராமரிப்பு வேலை. அதனால் என் ஓட்டு ஐடிஐக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அரசு ஐடிஐயில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசு பாலிடெக்னிக்கிலும் கட்டணம் குடும்பத்தைக் கவிழ்க்கிற அளவுக்கு இருக்காது. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள டிப்ளமோ எடுப்பாக இருக்கும், அதையும் மறுக்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது செய்முறை நேரம். எலக்ட்ரீஷியன் டிரேடின் இப்போதைய பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1200 மணி நேரம் பயிற்சி. அதில் 840 மணி நேரம் செய்முறை. நாளின் பெரும்பகுதி ஒர்க்‌ஷாப்பில்தான் போகும். பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டு கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் என்று ஓடிவிடும். லேப் இருக்கும், ஆனால் ஒரு மோட்டாரைச் சுற்றி நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் வயரிங் செய்வார், மற்றவர்கள் ரீடிங் எழுதுவார்கள்.

இந்த வித்தியாசம் ஆலையில் எப்படித் தெரியும்? ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரன்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுகிற பேனல் அது. மோட்டார் ஸ்டாரில் கிளம்புகிறது. டைமர் மாறுகிறது, ஸ்டார் கான்டாக்டர் (காயிலுக்கு சப்ளை வந்தால் இணைக்கும் ஸ்விட்ச்) விடுகிறது, ஆனால் டெல்டா கான்டாக்டர் எடுக்கவில்லை. மோட்டார் வேகம் குறைந்து நிற்கப் போகிறது, புரொடக்‌ஷன் ஆள் பின்னாலேயே நிற்கிறார். ஸ்டாரில் கிளப்பினால் லைனிலிருந்து இழுக்கும் கரன்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதை டிப்ளமோ படித்தவர் அழகாக நிரூபித்துக் காட்டுவார். ஐடிஐயில் அதே பேனலைப் பலமுறை அவிழ்த்துக் கட்டியவர் மீட்டரை எடுத்து நேராக டெல்டா காயிலின் இரண்டு முனைகளான ஏ1, ஏ2வில் வைப்பார். வோல்டேஜ் வரவில்லையா, ஸ்டார் கான்டாக்டரின் என்.சி. துணைக் கான்டாக்டைப் பார்ப்பார். ஸ்டார் விட்டிருக்கும்போது மூடியிருந்து, எடுத்ததும் திறந்துகொள்ளும் சின்ன இணைப்பு அது. ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஃபேஸ்கள் ஷார்ட் ஆகிவிடும். அதைத் தடுக்க அந்தக் கான்டாக்ட் வழியாகத்தான் டெல்டா காயிலுக்கு சப்ளை போகிறது. அதில் தூசி அடைத்திருந்தால் கதை அங்கேயே நின்றுவிடும். பஞ்சாலை மாதிரி இடங்களில் இது சர்வசாதாரணம். படித்து வருகிற அறிவுதான் இதுவும், ஆனால் விரலுக்கு வர வேண்டும்.

அதோடு, ஐடிஐ முடித்தால் கதவு மூடிவிடுவதில்லை. 2 ஆண்டு டிரேடு முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மொத்தம் 4 ஆண்டு. நேராக டிப்ளமோ போனவரைவிட ஒரே ஒரு ஆண்டுதான் கூடுதல், கையில் சான்றிதழ் இரண்டு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு இரண்டில் எது இருந்தாலும் போதும். ஆனால் டெக்னீஷியன் கிரேடு 3க்கு ஐடிஐ வேண்டும், ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமோ வேண்டும். நம் மின்வாரியத்திலும் கள உதவியாளர் வேலைக்கு ஐடிஐதான் கேட்கிறார்கள்.

இந்த வழியில் ஒரு மேடு இருக்கிறது: கணக்கு. முதல் ஆண்டுக் கணக்கைத் தாண்டிக் குதித்து வருகிறவருக்கு, சர்க்யூட் தியரியில் ஏசி (மாறுதிசை மின்சாரம்) வந்ததும் காம்ப்ளக்ஸ் எண்கள் மூச்சு முட்ட வைக்கும். என் வகுப்பில் ஐடிஐயிலிருந்து வந்தவர்கள் அரியர் வைத்ததெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். கணக்கு நன்றாக வரும், எப்படியும் பி.இ. வரை போகத்தான் போகிறோம் என்கிற பிள்ளை நேராக டிப்ளமோ சேர்வதே சரி. அதிலிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போனால், ஐடிஐ வழியாக வருவதைவிட ஓர் ஆண்டு மிச்சம்.

எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் டிரேடும் 2 ஆண்டுதான். டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்) என்று ஆலைகள் மாறிவிட்டதால் அதற்கும் மவுசு இருக்கிறது. என் பழக்கமெல்லாம் மோட்டார், பேனல் பக்கம் என்பதால், போர்டு ரிப்பேரில் இருக்கும் ஒருவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த ஐடிஐயாக இருந்தாலும் சேர்வதற்கு முன் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். பேனலில் வயர்களும் ஸ்க்ரூக்களும் புத்தம் புதிதாகப் பளபளத்தால் அங்கே யாரும் தொடுவதில்லை என்று பொருள். தனியார் என்றால், அந்த டிரேடுக்கே மத்திய அரசின் அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) இருக்கிறதா என்பதையும் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நிறுவனத்துக்கு இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.