ஏன் டாக்டர்? – 350 பவுண் வகுப்பு பெறுமதியா?

லண்டன் ஹரோவில் எங்கள் தமிழ் ஆட்கள் நடத்தும், மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கான வகுப்பு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. ஹரோ, வெம்ப்ளிப் பக்கம் இப்படிப் பல இருக்கின்றன, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பொதியைத்தான் விற்கிறார்கள். 350 பவுணுக்கு மூன்று விசயம் தருவார்கள்: மருத்துவபீட அனுமதிக்கான யூகேட் தேர்வுக்கு ஸூம் வகுப்பு, யூகாஸ் என்ற நிறுவனம் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் விண்ணப்பத்தில் நாமே எழுதும் பேர்சனல் ஸ்டேட்மென்டைத் திருத்துதல், கடைசியில் மாதிரி நேர்காணல். 2026 செப்டெம்பர் அனுமதிக்காகப் போன கோடையில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதைவிட அம்மா கோயிலில் கேள்விப்பட்டு வந்து, அன்றிரவே காசைக் கட்டிவிட்டார் என்பதுதான் சரி.

யூகேட் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசிப்புப் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்வி வரும், கேள்விக்கு அரை நிமிடம். இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, செய்து செய்து கை பழக வேண்டும். இவர்களோ ஸ்லைடைப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட, 2025இல் தேர்விலிருந்தே எடுத்துவிட்ட உருவத் தர்க்கப் பகுதிக்கும் பயிற்சித்தாள் அனுப்பினார்கள். யூகேட்டின் சொந்தத் தளத்தில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடக்கின்றன. வருமானம் குறைந்த வீடென்றால் தேர்வுக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் கேட்கலாம். இந்த இரண்டையும் வகுப்பில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அடுத்தது பேர்சனல் ஸ்டேட்மென்ட். எனக்கு ஆத்திரம் வந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வருசத்திலிருந்து ஒரே நீளக் கட்டுரை இல்லை, மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4000 எழுத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் கேள்வி, இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய் என்பது. நான் எழுதியதில் மூன்று காரணம் இருந்தது.

ஒன்று தம்பியின் தோல். அவனுக்கு நாலு வயதில் முழங்காலுக்குப் பின்பக்கமும் முழங்கை மடிப்பிலும் எக்ஸிமா வந்தது. டாக்டரோடு தொலைபேசியில்தான் கதைக்கக் கிடைத்தது. "சிவந்திருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா பார்த்தார், சிவக்கவில்லை. இல்லை என்றார். அப்படியென்றால் கிறீம் பூசுங்கள் என்று முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த துண்டுப்பிரசுரத்திலும் சிவப்பு, சிவப்பு என்றே இருந்தது. படங்களெல்லாம் வெள்ளைக் குழந்தைகள். எங்கள் மண்ணிறத் தோலில் அது அனேகமாகச் சிவந்து தெரியாது. ஊதாவும் சாம்பலும் கலந்த மாதிரி இருக்கும், சின்னச் சின்ன முடிச்சாகத் தடித்திருக்கும். அவன் இரவிரவாகச் சொறிந்து, புண்ணாகி, நீர் வடியத் தொடங்கின பிறகுதான் நேரில் கூப்பிட்டார்கள். மண்ணிற, கறுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு கைநூலை, அப்போது லண்டன் செயின்ட் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, தன் விரிவுரையாளர்களோடு சேர்ந்து 2020இல் வெளியிட்டார். நான் அதைத் தேடி வாசித்தது தம்பியால்தான். படிக்கிற காலத்திலேயே ஒரு மாணவர் இப்படிச் செய்யலாம் என்றால் நானும் அந்தப் பக்கம் போகலாமே என்று நினைத்தேன்.

இரண்டாவது அப்பப்பா. யாழ்ப்பாணம் வடமராட்சியில் படித்தவர், மருத்துவபீடத்துக்கு எடுபடும் புள்ளி தனக்கு இருந்தது என்று இன்றும் சொல்லுவார். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. முதல் முறை மருத்துவத்துக்கு, 400 புள்ளியில் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும், தமிழ்மொழி மூலத்துக்கு 250 வேண்டும் என்று வெட்டினார்கள். அப்பப்பா இடையில் விழுந்தார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டில் 'கம்பஸ்', அதாவது பல்கலைக்கழகம், என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் அங்கிருந்து வந்தது.

மூன்றாவது, அது நிலையான வேலை. இதை எழுதத்தான் தயங்கினேன், ஆனாலும் ஒரு வரி போட்டேன். அப்பா இரவில் சூப்பர்மார்க்கெட் வான் ஓட்டுகிறார். நான் ஏன் இதை நினைக்கக் கூடாது?

முதலில் திருத்தினவர் மூன்றையும் வெட்டிவிட்டார். "பிள்ளை, வீட்டுக் கதை வேண்டாம். அப்பப்பா ஆசைப்பட்டவர் எண்டு எழுதினால் நீர் அவைக்காகப் போறீர் எண்டு நினைப்பினம்," என்றார். அந்த இடத்தில், சிறு வயது முதல் விஞ்ஞானத்தில் ஆர்வம், மனிதர்க்கு உதவும் விருப்பம் என்று ஒரு பந்தி வந்து குந்தியிருந்தது. என் தோழிக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தேன், அவளுக்கும் அதே பந்தி, ஒரு வசனம் மட்டும் மாறியிருந்தது. யூகாஸ் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. ஒரே பந்தியை இத்தனை பிள்ளைகளுக்கு விற்கிறவர்களுக்கு இது தெரியாதா?

முறைப்பாடு சொன்னோம், வேறொருவரிடம் மாற்றினார்கள். அவர் நேர் எதிர்ப்பக்கம் போனார். "உங்கட ஆக்கள் யுத்தத்துக்குள்ள இருந்தவைதானே? அதைப் போடும். அகதி எண்டால் நல்லா எடுபடும்." யுத்தம் முடியும்போது எனக்கு இரண்டு வயது. பத்து வயதில் ஹீத்ரோவில் சூட்கேசோடு வந்து இறங்கினவள் நான். எங்கள் குடும்பம் இழந்தது நிறைய. அதை 4000 எழுத்துக்குள் சரக்காக அடுக்கச் சொன்னது பிடிக்கவில்லை. மண்ணிறப் பிள்ளை என்றால் ஒன்று வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் அழ வேண்டும். இவர்களிடம் மூன்றாவது வழி இல்லை. கடைசியில் பள்ளிக்கூடத்து உயிரியல் ரீச்சர்தான் என் பழைய பிரதியை வாசித்து, துண்டுப்பிரசுரக் கதையை வைத்துக்கொள், அதிலிருந்து என்ன வாசித்தாய் என்பதைக் கூட்டு, நிலையான வேலை என்ற வரியை எடு என்றார். ஒரு சதமும் வாங்கவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மாதிரி நேர்காணல் அருமை.

அனேகமான மருத்துவபீடங்களில் இப்போது ஒரே மேசையில் இருத்திக் கேள்வி கேட்பதில்லை. சின்னச் சின்ன நிலையங்களாகப் பிரித்து, மணி அடிக்க அடிக்க அடுத்ததற்கு நகர்த்துவார்கள். சமூக மண்டபம் ஒன்றின் மேல்மாடியில் அதை அப்படியே செய்து வைத்திருந்தார்கள், மணி உட்பட. நிலையங்களில் இருந்தவர்கள் உண்மையான டாக்டர்மார், எங்கள் ஆட்கள் மட்டுமல்ல. கானா நாட்டுப் பின்னணியுள்ள ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவர் ஒருவருக்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

விரலில் கொளுவும் ஒட்சிசன் கருவியை என் விரலில் போட்டு, "98 காட்டுகிறது. இந்த எண்ணை எவ்வளவு நம்புவாய்?" என்று கேட்டார். கருந்தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று எனக்குத் தெரியும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட கணக்கில், கருவி 92க்கும் 96க்கும் இடையில் காட்டியபோதே உண்மையில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பு நோயாளிகளில் 11.7 சதவீதம். இதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் பாராட்டுவார் என்று பார்த்தால், "நல்லது. நோயாளி முன்னால் இருக்கிறார், நீ இப்போது என்ன செய்வாய்?" என்றார். பிறகு தானே காட்டித் தந்தார்: எண்ணை மட்டும் பார்க்காதே, மூச்சை எண்ணு, உதட்டின் உட்பக்கத்தையும் நாக்கையும் பார், சந்தேகமென்றால் நாடி இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லு.

அவரே, "இது உன் ஆசையா, வீட்டாரின் ஆசையா?" என்றும் கேட்டார். இரண்டும் என்றேன். விடவில்லை. "நாளைக்கு அவர்கள் வேண்டாம் என்றால்?" அப்போதும் போவேன், ஆனால் தம்பியை வைத்துத்தான் அவர்களிடம் வாதாடுவேன் என்றேன். குறிப்புத்தாளில், 'வீட்டாரை மறைக்கவில்லை, நல்லது' என்று எழுதித் தந்தார். முதலில் திருத்தினவர் இதே வகுப்பில்தான் சம்பளம் வாங்குகிறார் என்பதை நினைக்கச் சிரிப்பு வந்தது.

பெற்றோருக்கான கூட்டத்தில் சொன்ன ஒரு விசயம் பிழை, அதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு, மண்ணிறப் பிள்ளைகளுக்குக் குறைந்த பெறுபேறு கேட்பார்கள் என்றார்கள். நிறத்துக்காக அப்படிக் குறைப்பதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தபால் குறியீடு, இலவச மதிய உணவு கிடைத்ததா, பெற்றோரிடமல்லாமல் அரச பராமரிப்பில் வளர்ந்தவரா என்று பார்த்துத்தான் குறைப்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதி வேறு. கிங்ஸ் கல்லூரியின் ஆறு வருட மருத்துவப் படிப்பும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கானது, முதல் வருடப் பாடத்தை இரண்டு வருடமாக விரித்து நடத்துவார்கள். மருத்துவத்துக்கு நாலு தெரிவுதான், ஒக்டோபர் 15 கடைசி நாள். எனவே இந்த விதிகளை நீங்களே ஒவ்வொரு தளமாகப் போய் வாசியுங்கள். எனக்கு இந்தச் சலுகை இரண்டு இடத்தில் பொருந்தியது. அப்பப்பாவிடம் விளங்கப்படுத்தினேன். "எனக்குக் கூட்டிக் கேட்டவங்கள், உனக்குக் குறைச்சுக் கேக்கிறாங்களோ?" என்றார். அதில் சந்தோசம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அப்பாவுக்கு வேறு பயம், பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ என்று. வெறும் பயம் என்று தள்ளவும் முடியாது. 1980களில் செயின்ட் ஜோர்ஜஸில் விண்ணப்பங்களை வடிகட்டிய கணினி நிரல், ஐரோப்பியப் பெயரில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் புள்ளி குறைத்தது. இனச் சமத்துவ ஆணைக்குழு விசாரித்து 1988இல் அதை வெளிப்படுத்தியது. முக்வெண்டே படித்த அதே இடம். நான் அங்கேயும் விண்ணப்பித்தேன், என் பத்தொன்பது எழுத்துக் குடும்பப் பெயரோடு.

இப்போது ஓரிடத்திலிருந்து நிபந்தனையோடு அனுமதி வந்திருக்கிறது, ஓகஸ்டில் ஏ லெவல் பெறுபேறு வர வேண்டும். அந்த நேர்காணலில் ஒட்சிசன் கருவி வரவில்லை, தம்பியின் தோலைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்றால்: யூகேட்டுக்கு ஒன்று, ஸ்டேட்மென்டுக்குப் பூச்சியம், மாதிரி நேர்காணலுக்கு ஐந்து. முழுப் பொதியையும் வாங்காதீர்கள். நேர்காணலை மட்டும் தனியாகத் தருவார்கள், இணையத்தளத்தில் அந்த விலை இருக்காது, போன் எடுத்துக் கேட்க வேண்டும். என் தோழியின் தங்கைக்கு 120 பவுண் சொன்னார்கள். நவம்பரிலேயே இடம் பிடித்துவிடுங்கள், கானா டாக்டர் எந்தச் சனிக்கிழமை வருகிறார் என்று கேட்டு அந்த நாளையே எடுங்கள்.