சாந்தன்பாறை தாண்டி ஒரு பலசரக்குக் கடை: நடந்து போகிறவர்களுக்கு

குமுளியிலிருந்து மூணாறுக்கு நடந்தே போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் சொல்வது இந்தக் கடையைப் பற்றித்தான். சாந்தன்பாறை தாண்டி, பூப்பாறைக்கு இறங்கும் முன்னால், இடது கைப் பக்கம் நீலத் தகரக் கூரை. பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் டீ, பின்னால் பலசரக்கு. ஒரு பெரியம்மாவும் அவர் மகனும் நடத்துகிறார்கள். பெரியம்மாவின் அப்பா அம்மா போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர்கள். அவர் பேச்சில் பாதி தேனித் தமிழ், பாதி இடுக்கி மலையாளம்.

நானும் என் தோழியும் காட்டுப் பாதையில் போவதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகிச் செத்ததைப் பக்கத்து ஊரிலிருந்து கேட்டவர்கள் நாங்கள். அனுமதி இல்லாத பாதையில் கால் வைப்பதில்லை. தார் ரோடுதான்: அணக்கரை, புளியன்மலை, நெடுங்கண்டம், உடும்பன்சோலை என்று சுமார் நூறு கிலோமீட்டர் ஏலக்காட்டு ஓரமாகவே போகும்.

இத்தனை ஊர் இருக்கிறதே, சாப்பாட்டுக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் பொட்டலத்தில் இருக்கிறது. நெடுங்கண்டம் மாதிரி பெரிய ஊர்க் கடைகளில் அவல் அரைக் கிலோ, கடலை அரைக் கிலோ, வெல்லம் ஒரு கிலோ என்று கட்டி வைத்திருப்பார்கள். பிரித்துத் தரச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். முதுகில் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறுகிறவளுக்குத் தேவை நாளைக்கு மட்டுமான சாப்பாடு. மிச்சமெல்லாம் தோள்பட்டை வலி.

இந்தக் கடையில் இன்னும் சில்லறையாகத்தான் விற்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் அன்றாடம் வாங்குகிறவர்கள், அதனால் தராசு எப்போதும் வெளியில் இருக்கும். சிவப்பு அவல் 150 கிராம், வறுத்த நிலக்கடலை 100 கிராம், கால் மூடி கொப்பரை, மறையூர்ச் சர்க்கரை (வெல்லம்தான்) உருண்டை இரண்டு. நான் கேட்டது இவ்வளவுதான். பெரியம்மா பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாக மடித்துக் கட்டி, “வேற என்ன தாயி?” என்றார். குறைவாக வாங்குகிறோமே என்ற சலிப்பு துளியும் இல்லை.

இந்தச் சாமான்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அடுப்பு வேண்டாம். அவலைத் தண்ணீரில் நனைத்தால் போதும், வெந்நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. 100 கிராம் அவலில் சுமார் 350 கலோரி, அதே எடைக் கடலையில் 560க்கு மேல். எடை குறைவு, பசி அடங்கும். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூர் மூணாறுக்கு அந்தப் பக்கம்தான். கையில் உருட்டிய உருண்டை என்பதால் உடைத்து வாயில் போட்டுக்கொண்டே நடக்கலாம்.

அடுத்தது ஜீப். போடியிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வரும், சாயங்காலம் திரும்பும். என் நாத்தனார் போடியில் இருக்கிறாள். மாற்றுக் காலுறை, மாத்திரை, வீட்டில் இடித்த சத்துமாவு எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு ஜீப் அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அவர் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. பெரியம்மா அந்தப் பையை எறும்பு ஏறாமல் உத்திரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். பை வைத்ததற்குக் காசு கொடுத்தோம், பெரியம்மா வாங்கவில்லை. “கடையில வாங்குனதுக்குக் குடு. பை தொங்குனதுக்கு எதுக்குக் காசு?”

அந்த வாங்கியதற்கும் அன்று உடனே கொடுக்க முடியவில்லை. டவர் இல்லை, ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தது, கையில் இருந்த நோட்டு போதவில்லை. “பூப்பாறை போய்ப் போடு” என்று மகன் தன் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாங்கள் எந்த ஊர், என்ன பெயர் என்று அதுவரை அவர் கேட்டிருக்கவில்லை. பூப்பாறைச் சந்திப்பில் டவர் வந்ததும் முதல் வேலையாக அனுப்பினேன்.

யானை விஷயத்திலும் இவர்கள் சொல்லைக் கேளுங்கள். பூப்பாறை தாண்டினால் ஆனையிறங்கல், சின்னக்கானல். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையை அரிசிக்காகத் திரும்பத் திரும்ப உடைத்த அரிக்கொம்பன் என்ற யானை உலாவிய இடம் அது. 2023 ஏப்ரல் 29இல் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே எங்கள் கம்பத்துத் தெருவுக்குள் வந்து நின்றது, 144 போட்டு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அது போய்விட்டாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. மறுநாள் விடிகாலையில் கிளம்பலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட பெரியம்மா, “மஞ்சு ஏறட்டும். பஸ் ரெண்டு போகட்டும். அப்புறம் நட” என்றார். மஞ்சு என்றால் பனிமூட்டம். அப்படியே செய்தோம்.

பெண்கள் கவனிக்கும் இன்னொன்று: கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, வாளியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. கேட்டால் சாவி தருகிறார்கள். இந்த ரோட்டில் இதற்காகவே பத்துக் கிலோமீட்டர் கூடுதலாக நடக்கலாம்.

சாப்பிட உட்கார்ந்தால் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) கேளுங்கள். அன்றைக்கு வேகவைத்தது, காரம் கண்ணில் நிற்கும், கூடவே கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ. பொரோட்டா வேறெங்கிருந்தோ காலையில் வருகிறது, மதியத்துக்கு மேல் தோல் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் பிஸ்கட் நமுத்துப் போயிருக்கும், தேதி பார்த்து வாங்குங்கள். வாழைப்பழம் பெரும்பாலும் காயாகவே இருக்கும். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இல்லை, நெடுங்கண்டத்து மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். கேம்ப் அடுப்புக்கு கேஸ் டப்பா இந்தப் பக்கம் எங்கும் என் கண்ணில் படவில்லை.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். வழியில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் மதியம் தூக்குவாளியைத் திறக்கும்போது நம்மைக் கூப்பிடுவார்கள். “வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்பது சும்மா சொல்வதில்லை, இலையில் வைத்தே விடுவார்கள். நாங்களும் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டோம். எங்கள் கடலையையும் வெல்லத்தையும் நடுவில் வைத்தோம், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சோறு ஒருத்தி விடியும் முன் எழுந்து தனக்கென்று அளந்து கட்டியது. அதை நம்பி நம் பையைக் காலியாக வைத்துக்கொண்டு வருவது நியாயமில்லை. ஒரு நாள் சாப்பாடு எப்போதும் நம் முதுகில் இருக்க வேண்டும். அதை வாங்க இந்தக் கடை இருக்கிறது.

காலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள், இருட்டும் முன் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கிடையாது. சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். பை அனுப்புவதாக இருந்தால் முதலில் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேலே பெயரைப் பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.