காரைக்குடி பழைய சாமான் தெரு: சைக்கிள்காரன் பார்வையில்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் என்றுதான் எழுதுகிறார்கள். எல்லாம் இருக்கிறது, எல்லாம் அழகு, எதுவும் என் திருச்சி வாடகை வீட்டு வாசல்படியைத் தாண்டாது. நான் அங்கே போவது சைக்கிள் சாமான் பொறுக்க. புதுக்கோட்டை, திருமயம் வழியாக விடிகாலையில் மிதித்தால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம். கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற நேரமும் அதுதான்.

இந்தத் தெருவில் விலை கண்ணுக்குத்தான், வேலைக்கு இல்லை. தேய்த்துப் பளபளவென்று வாசலில் வைத்த பித்தளைக்கு ஒரு விலை. பின்கட்டில் தூசியும் துருவுமாகக் கிடக்கும், எண்ணெய் விட்டால் ஓடக்கூடிய இரும்புக்கு அதில் கால்வாசிகூட இல்லை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று தொழில் செய்தவர்கள் வீட்டுச் சாமான், பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது மொத்தமாக வெளியே வருகிறது. கடைக்காரர் தூணையும் கண்ணாடியையும் பார்த்து வாங்குகிறார். கூடவே ஒட்டிக்கொண்டு வருவதை ஒரு மூலையில் போட்டுவிடுகிறார். அந்த மூலைதான் நம் மூலை.

இந்தமுறை அங்கே கிடைத்தது ஒரு பின்சக்கரம். டயர் இல்லை, ரிம் முழுக்க துரு. “சும்மா சக்கரம்ணே, ஹோட்டல்காரங்க சுவத்துல மாட்ட வாங்குவாங்க” என்றார் கடைக்காரத் தம்பி. சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பைத் துணியால் துடைத்தேன். ஸ்டர்மி ஆர்ச்சர் என்று கம்பெனிப் பெயர், ஏ டபிள்யூ என்று மாடல், பக்கத்தில் 54, 3 என்று குத்தியிருந்தது. 1954 மார்ச்சில் இங்கிலாந்து நாட்டிங்காமில் செய்த மூன்று கியர் ஹப். கியர் முழுவதும் உள்ளே மறைந்திருக்கும், வெளியே தெரிவது கியர் மாற்ற இழுக்கிற சின்னச் சங்கிலி ஒன்று மட்டும். அதனால்தான் அது “சும்மா சக்கரம்” ஆகிவிட்டது.

இப்படி ஒன்று கிடைத்தால் கடையிலேயே சோதிக்கலாம், பெடல் செயின்கூட வேண்டாம். அந்தச் சின்னச் சங்கிலியை இழுக்காமல் பல்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். சக்கரம் ஒரு சுற்றும் மூன்றில் ஒரு பங்கும் போனால் மூன்றாம் கியர் சரி. சங்கிலியை முழுக்க இழுத்துப் பிடித்துச் சுற்றினால் முக்கால் சுற்றுதான் போக வேண்டும். அது ஒன்றாம் கியர். பாதி இழுவையில் ஒன்றுக்கு ஒன்று. பல்சக்கரம் மட்டும் சுற்றி சக்கரம் அசையவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகி உள்ளே பல்லில் மாட்டி இழுக்கிற நாக்குகள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அப்புறம் நல்ல மெல்லிய எண்ணெய் விட்டால் விட்டுவிடும். என் சக்கரத்தில் முதல் இரண்டு கியர் சொன்னபடி கேட்டன, மூன்றாவது மக்கர். தம்பி ஆயிரத்து ஐந்நூறு சொன்னார், தொள்ளாயிரத்துக்கு முடிந்தது. திருச்சியில் ஒரு ராத்திரி ஊறிய பிறகு மூன்றும் ஓடுகின்றன.

ரிம் போனால் போகட்டும். பின்சக்கரத்துக்கு நாற்பது ஆரக்கம்பி என்ற பழைய இங்கிலீஷ் கணக்கு நம் ஊர் பெரிய சைக்கிளிலும் அப்படியே இருக்கிறது. எந்த சைக்கிள் கடையிலும் ரிம் வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். இருபத்தெட்டுக்கு ஒன்றரை அங்குல டயரும் அப்படித்தான். லண்டன்காரன் தேடி அலைகிற சைஸ் நமக்குத் தெருமுனையில் தொங்குகிறது.

டைனமோக்கள் ஒரு கூடை நிறைய இருந்தன. ஆறு வோல்ட், மூன்று வாட், பாட்டில் மாதிரிகள். மீட்டர் வைத்திருந்தால் உருளையை விரலால் உருட்டி ஏசி வோல்ட் வருகிறதா பார்க்கலாம். பாதிக்கு மேல் செத்தவை. கடைக்காரரிடம் கேட்காதீர்கள், எல்லாம் எரியும் என்பார். பக்கத்திலேயே கண்ணாடி உடையாத கார்பைடு விளக்கு ஒன்று. மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே கார்பைடு கல்லில் விழ, அசிட்டிலின் வாயு வந்து எரிகிற விளக்கு. பாட்டரி விளக்கு பரவாத காலத்தில் பல சைக்கிள்களுக்கு இதுதான் முகப்பு வெளிச்சம். விளக்கு அருமையாக இருந்தது, விலை அதைவிட அருமை. வாங்கினாலும் அலமாரியில் வைக்கத்தான். வீட்டுக்குள் கொளுத்திப் பார்க்கிற ஆசை யாருக்கும் வேண்டாம்.

சைக்கிளில் ஆர்வமில்லாத மனைவிக்கு எனாமல் தட்டுகள். அடியில் ஸ்வீடன் முத்திரை, காக்கம்ஸ் என்ற பெயர். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் சூளையில் உருக்கி ஏற்றிய கண்ணாடி. விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்த இடம் துருப்பிடிக்கும், உள்பக்கம் பெயர்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு ஆகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

ஏமாற்றும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை, ஒரு கடையில் நாய் படம் போட்ட கிராமபோனைத் “தாத்தா காலத்து ஐட்டம்” என்று எடுத்து வைத்தார்கள். குழல் தகடு காகிதம்போல மெலிசு, பெட்டி மரத்தில் புது வார்னிஷ் வாசனை, திருகாணி எல்லாம் ஸ்டார் வகை. புதிதாகச் செய்து பழசாக்கியது. சிரித்துக்கொண்டே நகர்ந்தேன், அவரும் சிரித்தார். அதே கடையில் பழைய ஆத்தங்குடித் தரைக் கற்களும் சில்லறையாக விற்கிறார்கள். அதற்கு ஆத்தங்குடிக்கே போய்விடலாம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையே இல்லாமல் உலர்த்தித் தண்ணீரில் ஊறப்போட்டு இன்றைக்கும் செய்கிறார்கள். மூலை உடையாத கல் கைக்கு வரும்.

ரசீது எதுவும் தாமாகத் தர மாட்டார்கள், கேட்டால்தான் துண்டுக் காகிதத்தில் எழுதுகிறார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பாதிக் கடை சாத்தியிருக்கும். பேரம் உண்டு, ஆனால் அடாவடி இல்லை. எடுத்ததை வைத்துவிட்டு வந்தாலும் முகம் சுளிப்பதில்லை. கட்டிக் கொடுப்பதில் மட்டும் அக்கறை போதாது, பழைய சாக்கும் கயிறும் நீங்களே கொண்டு போவது நல்லது. நான் சக்கரத்தைக் கேரியரில் கட்டிப் புதுக்கோட்டை வரை மிதித்தேன், அதற்குமேல் முடியவில்லை, பஸ்.

தெருவின் கோடியில் ஒரு கடையில் முழு ஹம்பர் சைக்கிள் ஒன்று நிற்கிறது. முன் போர்க்கில் இரண்டுக்குப் பதில் நான்கு குழாய், பெடல் சக்கரத்தில் சின்னச் சின்ன மனித உருவங்கள். முப்பதாயிரம் சொல்கிறார், ஒரு ரூபாய் குறையாதாம். பெயின்ட், பெல், தோல் சீட்டு எல்லாம் அசல் என்பதால் அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். காசு இருப்பவர்கள் கம்பி பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்கலாம். பின்பக்க பிரேக் கம்பி ஒன்று லேசாக வளைந்திருக்கிறது.