ஐந்து நாள் கார் பயணத்தில் 8×42 பைனாகுலர்: பட்டதும் பார்த்ததும்

பிராண்டைச் சொல்லப்போவதில்லை, திட்டவும் வேண்டியிருக்கிறது என்பதால். நடுத்தர விலையில் கிடைக்கும் 8×42 பைனாகுலர் (8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்), எடை 650 கிராம் சொச்சம். ஐந்து நாள் காரிலேயே சுற்றி, வழியில் கண்ட குளம், புதர், மின்கம்பி எதையும் விடாமல் பறவை பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

முன்பு வைத்திருந்தது 10×42. பெரிதாகக் காட்டினால் நல்லதுதானே என்று வாங்கியது. ஆனால் பறவையோடு சேர்த்துக் கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும், அதுவும் காருக்குள் முறுக்கி உட்கார்ந்துகொண்டு பார்க்கும்போது கேட்கவே வேண்டாம். பார்வைப் பரப்பும் குறுகல். அதில் 6.5 பாகை, அதாவது 1000 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 114 மீட்டர் அகலம் தெரியும். இந்த 8×42இல் 8.1 பாகை, கிட்டத்தட்ட 142 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. கம்பியிலிருந்து கிளம்பிய தகைவிலானைத் துரத்திப் பாருங்கள், அப்போது தெரியும். பழையதில் வானத்தைத் துழாவிக்கொண்டிருப்பேன், இதில் எடுத்துக் கண்ணில் வைத்ததும் பறவை உள்ளே இருந்தது.

காரே நல்ல மறைவிடம். கதவைத் திறந்தால் பறக்கிற பறவை, கண்ணாடியை மட்டும் இறக்கினால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இன்ஜினை மட்டும் நிறுத்திவிடுங்கள், அந்த அதிர்வில் எவ்வளவு நல்ல லென்ஸும் வீண். கண்ணாடியைப் பாதிக்கு இறக்கி, விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் பைனாகுலரை வைத்தால் ஸ்டாண்டே தேவையில்லை. (வண்டி ஓட்டுகிறவர் ஓட்டட்டும். ஓரம்கட்டி நிறுத்திய பிறகு பார்த்தால் போதும்.)

முதல் நாள் காலை மட்டும் ஏமாந்தேன். ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்தது, அப்புறம் ஏசி காரில். இறங்கி ஈரக் காற்றில் கண்ணில் வைத்தால் ஒரே வெள்ளைப் புகை. நைட்ரஜன் நிரப்பியது, பனி படியாது என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது, நைட்ரஜன் காப்பாற்றுவது உள்பக்கத்தை மட்டும்தான், வெளிப்பரப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மறுநாளிலிருந்து இடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டோம், சரியாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஓர் ஏரிக்கரையில்தான் இதன் முழு மதிப்பும் தெரிந்தது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அதாவது கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. 10×42இல் 4.2தான். இருட்டத் தொடங்கினால் நம் கண்பாவை விரியும், அப்போது இந்த ஒரு மில்லிமீட்டர் பேசும். கொக்குகள் வந்து அடைந்த பிறகு, இரவில் இரை தேடும் வக்காக்கள் கிளம்பிப் போவதைக்கூட வெறும் நிழலாக இல்லாமல் பறவையாகவே பார்க்க முடிந்தது. அதே ஏரியில் தூரத்துச் சேற்றில் நின்ற உள்ளான்கள் எந்த இனம் என்று பிரித்தறிய முடியாமல் தோற்றுப்போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு டெலஸ்கோப்தான் வேண்டும். பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் (eBird) தளத்தின் பட்டியலில் இனம் குறிக்காமல் பொதுவாகப் பதியலாம், அப்படியே போட்டுவிட்டேன்.

இப்போது திட்டு. இரண்டு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்ட வலக்கண் பக்கம் இருக்கும் டயாப்டர் வளையத்துக்குப் பூட்டு இல்லை. கூட வந்த தம்பி பார்க்கிறேன் என்று வாங்கியபோது அதையும் திருகியிருக்கிறான், எனக்குத் தெரியாது. ஒரு மதியம் முழுக்க வலக்கண்ணில் மங்கல், மேடு பள்ளத்தில் குலுங்கி உள்ளே இருக்கும் ப்ரிசம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) இடம் மாறிவிட்டது என்றே முடிவுகட்டி நொந்துபோயிருந்தேன். சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆனது: வலது லென்ஸை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும், பிறகு இடதை மூடி வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். சரியான இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டேன்.

முன் லென்ஸ் மூடிகள் தொட்டால் விழும், இரண்டாம் நாளே ஒன்று தொலைந்தது. கண் வளையங்கள் பரவாயில்லை, மூக்குக்கண்ணாடியோடு பார்த்தாலும் ஓரம் வெட்டவில்லை. கூடவே வரும் கழுத்துப்பட்டியை அப்படியே பெட்டியில் விட்டுவிட்டு, தோள்களில் மாட்டும் பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். என் கழுத்து முதல் நாளே கெஞ்சியது. தூசியை ஊதித் தட்டாமல் துணியால் தேய்க்கவும் கூடாது, வெயிலில் டேஷ்போர்டின் மேல் விட்டுவிட்டுப் போகவும் கூடாது, இது எந்த பைனாகுலருக்கும் பொருந்தும்.

திரும்ப வாங்குவேனா என்றால், வாங்கித்தான் ஆக வேண்டும். நாலாம் நாளிலிருந்து இது தம்பி கழுத்தில்தான் தொங்குகிறது. கேட்டால், "அண்ணா, உனக்குத்தான் அந்தப் பழைய பத்து இருக்கே" என்கிறான்.