பினாங்கு பழைய வீட்டில் பூஞ்சணம்: துடைப்பதா, கம்பெனியைக் கூப்பிடுவதா, சுவரைத் திருத்துவதா?

சுவரில் கரும்புள்ளி தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா குளோராக்ஸ் ப்ளீச் ஊற்றித் துடைக்கச் சொல்வார். பெயின்ட் கடைக்காரர் பூஞ்சணம் பிடிக்காத பெயின்ட் டின் ஒன்றை எடுத்து வைப்பார். கான்ட்ராக்டர், பூச்சை உடைத்துவிட்டு வாட்டர்புரூஃப் சிமெண்டு பூசினால் ஆயுசுக்கும் தொல்லை இல்லை என்பார். கைப்பேசியில் தேடினால் பூஞ்சண ஒழிப்புக் கம்பெனிகள் வரிசையாக வந்து நிற்கும். இந்த நான்கில் எது மலிவு, எது உசத்தி என்று ஒப்பிடத்தான் எல்லாரும் தொடங்குகிறோம். ஆனால் நான்கும் வெவ்வேறு கோளாறுகளுக்கு உரியவை. எந்தக் கோளாறு என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பதால்தான், அடுத்த மழையில் அதே மூலையில் அதே கறுப்பு வந்துவிடுகிறது.

பூஞ்சணத்தின் வித்து எப்போதும் காற்றில் இருக்கிறது; அதை நிறுத்த முடியாது. அதற்கான தீனி பெயின்டிலும் மரத்திலும் தூசியிலும் கிடைக்கிறது. நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான். ஆகவே முதலில் ஈரம் வரும் வழியைப் பார்த்துவிடுவோம்.

எந்த ஈரம்?

ஜார்ஜ்டவுனில் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தவை. அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விட்டுவிடும். நடுவில் இருக்கும் திறந்த முற்றம் காற்றை இறக்கிச் சுவரை உலர்த்தும். அந்த வீடுகள் அப்படித்தான் நின்றன.

1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகை உயராததால் பல உரிமையாளர்கள் பராமரிப்புக்குச் செலவிடவில்லை. அந்தச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்து, 1999 இறுதிவரை அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகு புதுப்பித்த வீடுகளில் என்னென்ன வந்தன என்று உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும்: சிமெண்டுப் பூச்சு, இடுப்பளவுக்கு டைல்ஸ், பிளாஸ்டிக் போல மினுங்கும் பெயின்ட், கூரை போட்டு மூடிய முற்றம், அறைக்கு அறை ஏர்கோன். ஈரம் உள்ளே வரும் வழி அப்படியே இருக்கிறது. வெளியே போகும் வழியைத்தான் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார்கள்.

கறை இருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும். சீலிங் ஓரத்தில் பழுப்பு வளையமாகத் தெரிந்தால் கூரை ஓடுகளையோ மழைநீர் ஓடும் தகரப் பீலியையோ பார்க்க வேண்டும். தரையிலிருந்து இடுப்பளவுவரை பட்டையாக ஊறி, பெயின்ட் உப்பி, தொட்டால் வெள்ளை உப்பு மாவாக உதிர்ந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். அலமாரிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி மாட்டிய சாமி படத்துக்குப் பின்னால், புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தால் அது காற்றின் ஈரம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் அகல அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். ஓரிரு நாளில் தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. உரித்துப் பார்க்கும்போது பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு ஊசி கொண்ட ஈரமானியைச் சுவரில் குத்தி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. அந்தக் கருவி மரத்துக்கென்று அளவிட்டது. உப்பு ஏறிய செங்கல் சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் எண் எகிறும். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். அந்த எண்ணை மட்டும் நம்பி வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

குளோராக்ஸா, சோப்புத் தண்ணீரா?

டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில் இரண்டும் வேலை செய்யும். பூச்சிலும் மரத்திலும் குளோராக்ஸ் மேல் நிறத்தை வெளுக்கவைக்குமே தவிர, உள்ளே ஊறிய வேரை எட்டாது. கூடவே தண்ணீரையும் உள்ளே விடுகிறது. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். சோப்புத் தண்ணீரில் தேய்த்து, துடைத்து, அன்றைக்கே ஃபேன் போட்டு நன்றாக உலர்த்துங்கள். முகக்கவசமும் கையுறையும் வேண்டும். குளோராக்ஸை வினிகரோடோ அமோனியா உள்ள கழுவு திரவத்தோடோ ஒருநாளும் கலக்காதீர்கள். விஷ வாயு வரும்.

பூஞ்சணம் தடுக்கும் பெயின்ட் உலர்ந்த சுவருக்கு நல்லது. ஈரச் சுவரில் அடித்தால் அது இன்னொரு தோல், அவ்வளவுதான். நம் வீடுகளில் தீபாவளிக்கு முன்னால்தான் பெயின்ட் அடிப்போம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் மழை கொட்டும் மாதங்கள். ஈரம் குடித்த சுவரின்மேல் அடித்த பெயின்ட், தைப்பூசத்துக்குள் உப்பிக்கொண்டு நிற்கும். ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே வறண்ட காலம். இருக்கும் பூச்சு காய்ந்து பெயின்ட் ஏற வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற நேரம் அதுதான். பண்டிகைக்கு அலங்காரம் வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. அந்த ஒரு சுவரையாவது விட்டுவைக்கலாம்.

கம்பெனி: புகை அடிப்பவரும் வேலை செய்பவரும்

ஒரே பெயரில் இரண்டு விதமான சேவை விற்கிறார்கள். ஒப்பிட வேண்டியது இவ்விரண்டையும்தான்.

முதல் வகை, மெஷினோடு வந்து அறை முழுக்க மருந்துப் புகை அடித்து, அரை நாளில் முடித்துவிடும். சிலர் ஓசோன் மெஷினும் வைப்பார்கள். ஆள் இருக்கத் தகுந்த அளவில் ஓசோன் பூஞ்சணத்தை அழிக்காது. அழிக்கும் அளவில் வைத்தால் நம் நுரையீரலுக்குக் கெடுதல். ஜார்ஜ்டவுனில் என் சின்னம்மா வீட்டுக்கு அப்படி ஒரு கம்பெனி வந்து போனது. "வாசனை எல்லாம் போயிடுச்சுப்பா, இனிமே பயமில்லை" என்று சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் அலமாரியின் பின்பலகை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூத்துவிட்டது. கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த கூறைச்சேலையின் மடிப்பு ஓரமும் தப்பவில்லை. அவர் அந்தச் சேலையை வெயிலில் விரித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. புகை அடித்தவர்கள் அலமாரியை நகர்த்தவே இல்லை. அதற்குப் பின்னால் இருந்த சுவர், குளியலறைக் குழாய் போகும் சுவர்.

இரண்டாவது வகைதான் உண்மையான சுத்திகரிப்பு. முதலில் ஈரத்தின் காரணத்தைத் தேடி, எழுத்தில் தருவார்கள். பிறகு பாதிக்கப்பட்ட இடத்தைப் பிளாஸ்டிக் திரையால் அடைத்து, ஹெப்பா வடிகட்டி பொருத்திய ஃபேனால் காற்றை உறிஞ்சி வெளியே விடுவார்கள். உடைக்கும்போது கிளம்பும் வித்து மற்ற அறைகளுக்குப் பரவாமல் இருக்க இதுவே வழி. ஹெப்பா 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். ஊறிய பலகை, சீலிங், மெத்தை ஆகியவற்றைப் பையில் கட்டி அகற்றி, மீதியை ஹெப்பா வேக்குவத்தால் உறிஞ்சித் துடைத்து, உலர்த்திய பிறகே திரையைக் கழற்றுவார்கள். இந்தத் தொழிலில் பலரும் பின்பற்றும் அமெரிக்கத் தரமான ஐஐசிஆர்சி எஸ்520-உம், மருந்து அடிப்பதைவிட அகற்றுவதையே வலியுறுத்துகிறது.

இதற்குச் செலவு அதிகம். எல்லா வீட்டுக்கும் தேவையும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு எளிது: கறை சுமார் 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரரே சுத்தம் செய்யலாம். அதைத் தாண்டினாலோ, சாக்கடை நீர் புகுந்திருந்தாலோ, ஏர்கோன் குழாய்க்குள் பிடித்திருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவரோ இருந்தாலோ, கம்பெனிக்குக் கொடுக்கும் பணம் தகும். பழைய சீலிங் பலகையை உடைக்க வேண்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்; அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

காற்றைச் சோதிக்கும் கட்டணத்தைப் பெரும்பாலும் மிச்சப்படுத்தலாம். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும்போது அது எந்த இனம் என்று அறிவதால் வேலை மாறப்போவதில்லை. கறுப்பாக இருப்பதெல்லாம் நச்சு வகையும் அல்ல. உட்புறக் காற்றுக்கு மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி 2010-இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை, ஒரு கன மீட்டருக்கு 1,000 சிஎஃப்யு (வளரக்கூடிய வித்துகளின் கணக்கு) பூஞ்சணம், 40 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் என்று வரம்பு சொல்கிறது, அது வேலையிடங்களுக்கானது. வீட்டில் சோதித்தே ஆக வேண்டுமென்றால், வெளிக்காற்றையும் அதே நாளில் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். சோதிப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம்.

சிமெண்டா, ஊசியா, சுண்ணாம்பா?

மண்ணிலிருந்து ஏறும் ஈரம் என்று தெரிந்தபின், கம்பெனியின் பங்கு குறைந்து கொத்தனாரின் பங்கு தொடங்குகிறது. இங்கேதான் பினாங்கு வீட்டுக்காரர்கள் அதிகப் பணத்தை இழப்பதாக நான் நினைக்கிறேன்.

வாட்டர்புரூஃப் சிமெண்டு பூசினால் சுவர் உடனே பளிச்சென்று காயும். ஈரம் போய்விடவில்லை, வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறுகிறது. முன்பு முழங்கால் அளவில் இருந்த கறை, கொஞ்ச காலத்தில் பூச்சின் மேல் விளிம்புக்கு அப்பால் தலைகாட்டும். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான். கூடவே செங்கல்லில் தேங்கும் உப்பு, பழைய மென்மையான செங்கல்லை உள்ளேயே பொடியாக்கிவிடும்.

ஊசி முறையில், தரைக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் மேலே 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் துளை போட்டு, தண்ணீரை விலக்கும் சிலேன் பசையைச் செலுத்துவார்கள். சாந்து வரிசை ஒழுங்காக இருக்கும் செங்கல் சுவரில் இது பலன் தரும். ஆனால் உள்ளே கல்லும் உடைசலும் நிரப்பிய தடித்த சுவரில் பசை சீராகப் பரவாது. கடைவீட்டின் பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொதுவானது என்பதால் அவர்களின் சம்மதமும் வேண்டும். ஊசி போட்ட பிறகும், உப்பு ஏறிய பழைய பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசித்தான் ஆக வேண்டும்.

சுண்ணாம்பு வழி மெதுவானது. கறை தெரியும் இடத்துக்கு மேலும் ஓரடி இரண்டடி வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல்லைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகக் காத்திருந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளை அடிக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, கூலி அதிகம். சில ஆண்டுக்கு ஒருமுறை கீழ்ப்பகுதியை மறுபடி பூசவும் வேண்டிவரும், ஏனென்றால் உப்பை வாங்கிக்கொண்டு தான் உதிர்வதே அந்தப் பூச்சின் வேலை. இருந்தாலும் போருக்கு முந்திய வீட்டுக்கு என் தேர்வு இதுதான். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபுடைமைப் பகுதிக்குள் வீடு இருந்தால், வேலை தொடங்கும் முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றமான எம்பிபிபி-யிடம் அனுமதி கேளுங்கள்.

இது எதற்கும் முன்னால் வெளியே போய் ஒரு சுற்றுப் பாருங்கள். அடைத்துக்கொண்ட லோங்காங் (வடிகால்), சுவரில் ஒழுகும் பீலி, வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்ட நடைபாதை: இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே சில சுவர்கள் தானாகக் காய்ந்துவிடும்.

ஏர்கோனா, ஈரம் உறிஞ்சும் மெஷினா, ஜன்னலா?

ஜன்னலைத் திறந்துவிட்டால் உலர்ந்துவிடும் என்பது குளிர்நாட்டு அறிவுரை. இங்கே வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். இரவெல்லாம் 20 டிகிரியில் ஏர்கோன் ஓடிய அறையின் ஜன்னலைக் காலையில் திறந்தால், ஈரம் நேராகக் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். அந்த அறையை அடுத்த கூடத்துச் சுவர் ஏன் கறுக்கிறது என்று பலருக்கும் புரிவதில்லை; காரணம் இதுதான். ஏர்கோனை 25, 26-இல் வையுங்கள். அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய மெஷின் வாங்காதீர்கள். அது சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமிருக்காது.

பகலில் மூடிக்கிடக்கும் அறைக்கும் அலமாரி அறைக்கும் கம்ப்ரெசர் வைத்த ஈரம் உறிஞ்சும் மெஷின், அதாவது டிஹியுமிடிஃபையர்தான் சரி. 250 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டரை யூனிட் மின்சாரம். கதவு ஜன்னலை மூடி வைத்தால்தான் பலன். கையடக்கமாக விற்கும், கம்ப்ரெசர் இல்லாத பெல்டியர் வகை ஒரு நாளைக்குச் சில நூறு மில்லிலிட்டர்தான் எடுக்கும், அறைக்குப் போதாது. ஈரப்பதம் 60-க்குக் கீழே நிற்கிறதா என்று காட்டும் சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வாங்கி வையுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் ஈரத்துக்கு மட்டும் இந்த மெஷினை மருந்தாக நினைக்க வேண்டாம். அது இறைத்துக்கொண்டே இருக்கும், மண் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

திறந்த முற்றம் இன்னும் மிச்சமிருக்கும் வீட்டில் கணக்கு வேறு. அங்கே ஏர்கோனைப் படுக்கையறையோடு நிறுத்திவிட்டு, முற்றத்தின் காற்றை மறிக்காமல் விடுவதே நல்லது. மூடிய முற்றத்தைத் திறக்க முடிந்தால் எந்த மெஷினையும்விட அது பெரிய உதவி. அலமாரியையும் படங்களையும் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். படத்துக்குப் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் போதும்.

கோலாலம்பூர் அடுக்குமாடியில் மேல் வீட்டிலிருந்து ஒழுகினால் பூஞ்சணக் கம்பெனியை முதலில் கூப்பிடாதீர்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) பராமரிப்பு விதிகளின்படி 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். கசிவு நின்றபின், ஊறிய சீலிங்கை மாற்றுவது மட்டும்தான் மிச்சம்.