மலையகத்தில் சாப்பிட: கடையோடு நேரத்தையும் பாருங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் போகிறவர்கள் முதலில் கேட்பது "நல்ல சாப்பாட்டுக் கடை எது?" என்றுதான். எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்லலாம். காலை ஏழரைக்கு அருமையான தோசை போடும் அதே கடையில், பின்னேரம் மூன்றரைக்குக் கிடைக்கும் வடையை வாயில் வைக்க முடியாது. குளிர் அப்படி.

முதலில் தோசை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் ஓர் இரவில் பொங்கும் மா அங்கே காலையிலும் அப்படியே கிடக்கும். தொழில் தெரிந்த கடைக்காரர் முதல் நாள் பகலிலேயே அரைத்து, வாளியை அடுப்படிச் சூட்டில் வைத்துவிடுவார். அவசரக்காரர் அப்பச்சோடாவைப் போட்டுச் சமாளிப்பார். கண்டுபிடிப்பது சுலபம். புளித்த மாவில் சுட்ட தோசையில் கண் கண்ணாக ஓட்டை விழும், ஓரம் பொன்னிறமாக முறுகும், இலேசான புளிப்பு நாக்கில் நிற்கும். புளிக்காதது வெள்ளையாகத் தோல் மாதிரி இழுபடும். சோடா கூடினால் மஞ்சள் தட்டி, கடைசியில் சவர்க்கார வாடை அடிக்கும். முதலில் ஒன்று மட்டும் சொல்லுங்கள், பிடித்தால் அடுத்தது.

பருப்புக்கும் கடலைக்கும் இதே கதைதான். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், இரவே ஊறப்போடாத கடலை எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் நடுவில் கடுக்கென்றிருக்கும். தாளித்த கடலை வாங்கினால் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். அது மெத்தென்று இருந்தால் அந்தச் சமையலறையை நம்பி மத்தியானச் சோற்றுக்கும் வரலாம்.

தேத்தண்ணிக் கடைகளில், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அதாவது உங்கள் முன்னால் இருப்பது ஏற்கெனவே எத்தனை மேசை சுற்றியதோ தெரியாது. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறைந்துவிடும். ஆறிய ரோல்ஸின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பொரித்து நேரமாகிவிட்டது. தட்டைத் தொடாமல், "அண்ணே, சட்டியில இருந்து இப்ப எடுத்தது இருக்கா?" என்று கேளுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். சூடான பருப்பு வடையைப் பிட்டால் ஆவி வரவேண்டும், உள்ளே பருப்பு ஒன்றிரண்டாகத் தெரியவேண்டும். கூழாக இருந்தால் அரைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார்.

மத்தியானச் சோற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். சோறும் மரக்கறியும் பெரும்பாலும் இரண்டாந் தடவையும் போடுவார்கள், மீனுக்கும் இறைச்சிக்கும்தான் தனிக் காசு. மீன் கரையோரத்திலிருந்து லொறியில் ஏறி வருவது, அதை நம்பி இருக்கவேண்டாம். லீக்ஸ், பீட்ரூட், கரட், உருளைக்கிழங்கு எல்லாம் நுவரெலியா, வெலிமடைத் தோட்டங்களில் பிடுங்கி நேரே வருபவை. லீக்ஸ் வதக்கலும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு) உள்ள மரக்கறிச் சோறுதான் இந்த ஊரில் கொடுத்த காசுக்குச் சரியான சாப்பாடு. இரண்டு மணிக்கு மேல் சுட வைத்ததுதான் கிடைக்கும். ஆறு மணிக்குப் பிறகு கொத்து ரொட்டி தொடங்கும். ரொட்டியை அப்போதே வீசிச் சுடுகிற கடையைப் பார்த்து நில்லுங்கள். சின்ன டவுன்களில் எட்டு மணிக்கு மேல் கடை தேடி அலையவேண்டி வரும்.

பெயர் சொல்லிப் பரிந்துரைக்கக்கூடியவை: நுவரெலியா நியூ பஜார் வீதியில் அம்பாள்ஸ், சைவம், காலையில் போனால் நல்லது. கண்டியில் டி.எஸ். சேனாநாயக்க வீதியில் பாலாஜி தோசை, அதுவும் சைவம். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகம் கட்டாயம் நிற்கவேண்டிய இடம். பெண்கள் தாங்களே முன்னால் நின்று குரக்கன் ரொட்டி, உளுந்து வடை, இலைக்கஞ்சி செய்து தருகிறார்கள், விலையும் சாதாரண மக்களுக்கு ஏற்றது. இப்படி ஓர் இடம் ஒவ்வொரு தோட்ட டவுனிலும் வரவேண்டும். தோட்டத்து அம்மாமார் கையால் தட்டிச் சுடும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் (மிளகாயும் வெங்காயமும் இடித்தது) வெளியூர்க்காரருக்குக் கிடைப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது. பெட்டிக்கடையில் எங்காவது கண்டால் விடாதீர்கள். ரொட்டி கைப்பெருவிரல் தடிப்பில், கல்லில் கருகிய புள்ளிகளோடு இருக்கவேண்டும். கூடவே இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. பால் தேத்தண்ணி என்றால் மாப்பாலா (பால்மா கரைத்தது) பசும்பாலா என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் மாப்பால்தான் வரும்.

நாட்காட்டியையும் பாருங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு, சைவக் கடைகளில் நெரிசல். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் ஹோட்டல்கள் மூடியிருக்கும். தீபாவளி, தைப்பொங்கலுக்குத் தமிழ்க் கடைகள் அடுத்த நாளும் திறக்காமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் தோட்டத்துச் சனம் டவுனுக்கு வரும். இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் சட்டி காலியாகக் காலியாகப் புதிதாகச் சமைப்பார்கள், அதனால் அன்றைக்கே போகலாம். ஏப்ரலில் நுவரெலியா சீசன் கூட்டத்தில் விலை ஏறும், சாப்பிட உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்குப் பார்சல் கட்டுவதென்றால் தோசையை விட்டுவிடுங்கள், அரை மணித்தியாலத்தில் ரப்பராகிவிடும். சோற்றுப் பார்சல் தாங்கும். "தம்பி, சொதியத் தனியாக் கட்டுங்க" என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். மேலே ஊற்றிக் கட்டினால் வளைவு வளைவான பாதையில் பை முழுக்க ஒழுகும்.